ஆன்லைன் கடை போடப் போறீங்களா? சாப்ட்வேர் பேரு அப்புறம், முதல்ல ஒரு ஆர்டரை ஓட்டிப் பாருங்க

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் இன்ஸ்டாவுலயும் வித்துக்கிட்டு இருக்கிறவங்க ஒரு கட்டத்துல நமக்குன்னு ஒரு வெப்சைட் போட்டா என்னன்னு யோசிப்பாங்க. யோசிச்ச உடனே வர்ற கேள்வி, ஆன்லைன் கடை நடத்துற சாப்ட்வேர்ல ஷாப்பிஃபை நல்லதா வூகாமர்ஸ் நல்லதா, அடுத்தது எவ்ளோ ஆகும். உங்க சரக்கு என்ன, அது எப்படி போய்ச் சேருதுன்னு கேக்காமலே இதுக்கு யாராவது டக்குன்னு பதில் சொன்னா அவங்க கிட்ட இருந்து கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

இன்னொன்னும் சொல்லிடுறேன். ஒரு நாளைக்கு நாலஞ்சு ஆர்டர்தான், அதுவும் தெரிஞ்சவங்க வட்டத்துக்குள்ளயேன்னா வெப்சைட்டே வேணாம், வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்ல 500 பொருள் வரைக்கும் போடலாம், யூபிஐல காசு வாங்கிக்கலாம், அதுவே போதும். மெசேஜுக்கு பதில் போட்டே கை ஓயுது, யாருக்கு அனுப்பினோம் யாருக்கு அனுப்பலன்னு குழம்புதுன்னு ஆனதுக்கு அப்புறம் கடையைப் பத்தி யோசிங்க.

சரி, அந்த நிலைமைக்கு வந்துட்டீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு பேப்பர் எடுங்க. உங்களுக்கு வர்ற ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கிட்டு, கஸ்டமர் பாத்ததுல இருந்து பார்சல் அவங்க கைக்குப் போய் காசு உங்க பேங்க்ல விழுற வரைக்கும் என்னென்ன நடக்குதுன்னு வரிசையா எழுதுங்க. செக்கு எண்ணெயை வெச்சே பாப்போம், ஏன்னா அதுல எல்லா வில்லங்கமும் இருக்கு.

ஒரு லிட்டர் கடலை எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம். பாட்டிலு, அட்டைப்பெட்டி, உடையாம இருக்க சுத்துற பபுள் ஷீட்டு எல்லாம் சேத்தா ஒரு கிலோவைத் தாண்டிடும். கூரியர்ல பெரும்பாலும் அரைக்கிலோ அரைக்கிலோவா ஸ்லாப் வெச்சுத்தான் கணக்குப் போடுறாங்க, அதனால 1.1 கிலோ பார்சலுக்கு நீங்க 1.5 கிலோவுக்கு காசு கட்டுறீங்க. இதுல எல்லாத்துக்கும் ஒரே டெலிவரி சார்ஜ்னு அறுபது ரூபா போட்டு வெச்சா, உள்ளூர்ல ஒரு பாட்டில் வாங்குறவர் கூடுதலா குடுக்கிறார், டெல்லிக்கு 5 லிட்டர் கேன் கேக்கிறவருக்கு நீங்க கையில இருந்து போடுறீங்க. முறுக்கு, அப்பளம் மாதிரி கனமில்லாத சரக்குன்னா கதையே வேற, அங்க வால்யூமெட்ரிக் வெயிட்னு ஒன்னு வரும். பெட்டியோட நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுக்கிறதுதான் பல கூரியர்ல வழக்கம், 30க்கு 25க்கு 20 பெட்டின்னா 3 கிலோ ஆச்சு, உள்ள ஒரே ஒரு கிலோ முறுக்கு இருந்தாலும் 3 கிலோ காசுதான்.

அப்ப உங்களுக்கு வேண்டியது வெயிட்டும் ஊரும் பாத்து டெலிவரி சார்ஜ் போடுற கடை. இதை எழுதி வெச்சுட்டீங்கன்னா சாப்ட்வேர் பாதி தானா முடிவாயிடும். வூகாமர்ஸ்ல சும்மா வர்றது பிளாட் ரேட் (எடை பாக்காம ஒரே சார்ஜ்), இலவச டெலிவரி, நேர்ல வந்து வாங்கிக்கிறது இந்த மூணும்தான், வெயிட் வாரியா சார்ஜ் போடணும்னா தனியா பிளக்இன் (கூடுதல் வசதிக்காக சேக்கிற சின்ன சாப்ட்வேர்) வேணும். ஷாப்பிஃபைல வெயிட் வாரியா நாமளே ரேட் போட்டுக்கலாம், ஆனா கூரியர் கம்பெனியோட ரேட்டை நேரடியா அப்பப்ப இழுத்துக் காட்டணும்னா மேல் பிளானுக்குப் போகணும் இல்ல கூடுதலா காசு கட்டணும்.

அதே பேப்பர்ல அடுத்தது, விலை. கொப்பரை விலை ஏறினா தேங்காய் எண்ணெய் விலை மாறும், அரை லிட்டர், ஒரு லிட்டர், ரெண்டு, அஞ்சுன்னு எல்லா அளவுக்கும் மாத்தணும். இதை மாத்தப் போறது யாரு? வீட்ல அம்மாதான் கடையைப் பாத்துக்கிறாங்கன்னா, அவங்க போன்ல இருந்தே மாத்த முடியுமான்னு பாக்கணும், ஒவ்வொரு தடவையும் டெவலப்பருக்கு போன் போட்டு "தம்பி இருபது ரூபா ஏத்தி விடுப்பா"ன்னு சொல்ற நிலைமை வந்தா அது உங்க கடையே இல்ல. ஷாப்பிஃபைக்கும் வூகாமர்ஸுக்கும் போன் ஆப் இருக்கு, டெமோ கடையில அவங்க கையில குடுத்து ஒரு விலையை மாத்தச் சொல்லிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

சேலை விக்கிறவங்களுக்கு வெயிட் பெரிய தொல்லை இல்ல, ஸ்டாக்குதான் தொல்லை. ஒரு டிசைன்ல ஒரே ஒரு பீஸ், ரெண்டு பேரு ஒரே நேரத்துல பணம் கட்டப் போறாங்க, யாருக்கு? வூகாமர்ஸ்ல பணம் கட்டாம நிக்கிற ஆர்டருக்கு ஸ்டாக்கை எவ்ளோ நேரம் பிடிச்சு வெக்கணும்னு 'ஹோல்ட் ஸ்டாக்'னு ஒரு செட்டிங் இருக்கு, தானா வர்றது 60 நிமிஷம். லைவ் போட்டு விக்கிறவங்களுக்கு ஒரு மணி நேரமெல்லாம் ரொம்ப ஜாஸ்தி, பத்து நிமிஷமாக் குறைக்கச் சொல்லுங்க. இந்த செட்டிங் பேரைச் சொன்னா முழிக்கிற டெவலப்பர் ஒத்தைப் பீஸ் கடை இதுவரை செஞ்சதில்லன்னு அர்த்தம்.

கேஷ் ஆன் டெலிவரி வெக்கலாமா வேணாமான்னும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. வாங்க மாட்டேன்னு கதவைச் சாத்திட்டா போற கூலி வர்ற கூலி ரெண்டும் உங்க தலையில, பாட்டில் ஒழுகி வந்தா சரக்கும் போச்சு. என் கணக்குல எண்ணெய்க்கு முழு சிஓடி வேணவே வேணாம், நூறு ரூபாயாவது முன்பணம் வாங்கிக்கிட்டு மீதியை டெலிவரில வாங்குற வசதி இருக்கான்னு கேளுங்க.

இப்ப சாப்ட்வேருக்கு வருவோம். நம்ம அளவுக்கு இருக்கிற வழி ரெண்டுதான். ஒன்னு, மாசா மாசம் வாடகை கட்டி ரெடியா இருக்கிற கடைக்குள்ள போய் உக்காரது: ஷாப்பிஃபை, நம்ம ஊரு ஜோஹோ காமர்ஸ், இன்ஸ்டாமோஜோ இந்த மாதிரி. இன்னொன்னு, சொந்தமா ஹோஸ்டிங் (வெப்சைட்டை வெக்க இன்டர்நெட்ல வாடகை இடம்) வாங்கி, வேர்ட்பிரஸ்ங்கிற வெப்சைட் கட்டுற சாப்ட்வேர் மேல வூகாமர்ஸ் போடுறது.

ஷாப்பிஃபையோட கதை ஒன்னு எனக்குப் பிடிக்கும். 2004ல கனடாவுல டோபி லூட்கேன்னு ஒருத்தரு பனிச்சறுக்குப் பலகை விக்க கடை போடப் பாத்தாரு, கிடைச்ச சாப்ட்வேர் எதுவும் சரிப்படல, தானே எழுதினாரு. கடையை விட அந்த சாப்ட்வேர் நல்லா இருந்ததால 2006ல அதையே வியாபாரமா ஆரம்பிச்சாங்க. கடைக்காரன் தேவைக்கு எழுதினதுங்கிறதாலயோ என்னமோ இன்னைக்கும் அட்மின் பக்கம் யாரும் கத்துக்குடுக்காமலே புரியுது, ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட், செக்யூரிட்டி எதைப் பத்தியும் நீங்க கவலைப்பட வேண்டியதில்ல. சரி, காசு? ஆரம்பப் பிளான் மாசம் ரெண்டாயிரம் ரூபா பக்கம் வரும், வருஷத்துக்கு மொத்தமா கட்டினா குறையும், அப்பப்ப மாத்துறாங்க, அதனால கட்டுற அன்னைக்கு ஒரு தடவை பாத்துக்கோங்க. விளம்பரத்துல சத்தமாச் சொல்லாத செலவு வேற ஒன்னு இருக்கு. ஷாப்பிஃபையோட சொந்த பேமெண்ட் சிஸ்டம் இந்தியாவுல இல்ல, அதனால ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ மாதிரி வேற பேமெண்ட் கேட்வே (கஸ்டமர் கட்டுற காசை வாங்கி உங்க பேங்க்ல போடுற கம்பெனி) வெச்சாகணும், அப்படி வெச்சா ஆரம்பப் பிளான்ல ஒவ்வொரு ஆர்டருக்கும் 2% ஷாப்பிஃபை தனியா எடுத்துக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆயிரம் ரூபா ஆர்டர் கார்டுல வருது. கேட்வே 2%ன்னா 20 ரூபா, அந்த 20க்கு 18% ஜிஎஸ்டி 3.60, ஷாப்பிஃபைக்கு இன்னொரு 20. மொத்தம் 43.60 போச்சு. செக்கு எண்ணெய்ல லிட்டருக்கு நிக்கிற லாபம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். 2020 ஜனவரில இருந்து யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் (பணம் வாங்குறதுக்கு கடைக்காரர் கட்டுற கமிஷன்) இல்லன்னு அரசாங்கம் சொல்லியிருக்கு, ஆனா கேட்வேகாரங்க பிளாட்பார்ம் ஃபீஸ்னு ஏதாவது போடுறாங்களான்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேட்டுக்கணும். நம்ம கஸ்டமர்ல முக்கால்வாசி யூபிஐதான், அதனால இந்த ஒரு கேள்வி வருஷத்துக்கு நல்ல காசு மிச்சம் பண்ணும்.

வூகாமர்ஸ் சாப்ட்வேர் இலவசம்தான், 2011ல வந்தது, 2015ல வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்துற ஆட்டோமேட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. ஆர்டருக்கு கமிஷன் கிடையாது. ஆனா இலவசம்ங்கிற வார்த்தையைக் கேட்டு ஏமாந்துடாதீங்க, டொமைன் (வெப்சைட் பேரு), ஹோஸ்டிங், தீம் (கடையோட தோற்றம்), வெயிட் ரேட் பிளக்இன், இன்வாய்ஸ் பிளக்இன், சிஓடி முன்பண பிளக்இன்னு சேந்துக்கிட்டே போகும், காசு குடுத்து வாங்குற பிளக்இன்ல பாதிக்கு மேல வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். ஹோஸ்டிங்ல முதல் வருஷ விலையைப் பாத்து சந்தோஷப்படாம ரெனியூவல் விலையைப் பாருங்க, ரெண்டு மடங்கு மூணு மடங்கு எல்லாம் போகும். எஸ்எஸ்எல்லுக்கு (வெப்சைட்டைப் பாதுகாப்பா திறக்க வைக்கிற சான்று) தனியா காசு கேட்டா எதுக்குன்னு கேளுங்க, லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாவே குடுக்குது. அப்புறம் முக்கியமா, அப்டேட் பண்ண ஒரு ஆள் வேணும், பண்ணாம விட்டா ஹேக்கர் உள்ள புகுந்து ஒரு நாள் உங்க எண்ணெய்க் கடைப் பக்கத்துல சூதாட்ட விளம்பரம் ஓடும்.

என் அபிப்பிராயம் கேட்டா: வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் யாரும் இல்ல, மாசம் ஐம்பது அறுபது ஆர்டருக்குள்ளதான்னா வாடகைக் கடைக்குப் போங்க, நிம்மதி. ஆர்டர் நிறைய, லாபம் கம்மி, கூடவே நம்பி கூப்பிட ஒரு ஆள் இருக்காருன்னா வூகாமர்ஸ். ஜோஹோ காமர்ஸை ஜோஹோ புக்ஸ்ல ஏற்கனவே கணக்கு எழுதுறவங்க கண்டிப்பா ஒரு தடவை பாக்கணும், பில்லு ஸ்டாக்கு எல்லாம் ஒரே இடத்துல நிக்கும். பெரிய ஏஜென்சில போய் உக்காந்தா மெஜெண்டோன்னு இன்னொரு கடை சாப்ட்வேரைச் சொல்லுவாங்க. அதை 2018ல அடோபி 168 கோடி டாலருக்கு வாங்கிச்சு, 2020 ஜூன்ல பழைய மெஜெண்டோ 1க்கு சப்போர்ட்டை நிறுத்தினாங்க, லட்சக்கணக்குல செலவு பண்ணி அதுல கடை போட்டவங்க பல பேரு திரும்ப முதல்ல இருந்து கட்ட வேண்டியதாப் போச்சு. இருபது வகை பொடிக்கு அதெல்லாம் ஆகாத வேலை. நானே சொந்தமா கோட் எழுதித் தர்றேன்னு வர்றவரையும் கும்பிட்டு அனுப்பிடுங்க, அவரு துபாய் போயிட்டா அந்தக் கோடைத் தொட இன்னொருத்தரு வரமாட்டாரு.

மொபைல் ஆப்பும் சேத்துப் பண்ணித் தர்றேன்னு சொன்னா இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடுங்க. ப்ளே ஸ்டோருக்கு ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர், அது போக ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் வாங்க யாரும் ஆப் இறக்கி வெக்க மாட்டாங்க.

தமிழ் சரியா வருதான்னு பாக்குறதை யாருமே செய்யறதில்ல. ஸ்கிரீன்ல அழகாத்தான் தெரியும், இன்வாய்ஸ் பிடிஎஃப் எடுத்தா கட்டம் கட்டமா வரும், இல்லன்னா கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கமாப் பிச்சுக்கிட்டு நிக்கும். வூகாமர்ஸ் பிளக்இன் பலதுல பிடிஎஃப் தயாரிக்க டாம்பிடிஎஃப்னு ஒன்னு இருக்கும், அதுக்கு இந்திய மொழி எழுத்தைக் கோக்கத் தெரியாது, எம்பிடிஎஃப் வெச்சிருக்கிற பிளக்இன்னா சரியா வரும். சோதிக்கிறது சுலபம், 'கொள்ளுப் பொடி'ன்னு ஒரு பொருளைப் போட்டு பில்லை பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அதே மாதிரி தேடல். நல்லெண்ணெய்னு தேடுவாங்க, நல்லெண்ணைன்னு தேடுவாங்க, எள் எண்ணெய்ம்பாங்க, ஜிஞ்சிலி ஆயில்னு இங்கிலீஷ் எழுத்துல அடிப்பாங்க, எதை அடிச்சாலும் அந்தப் பாட்டில் வரணும். பொருளோட லிங்க்கை மட்டும் இங்கிலீஷ் எழுத்துல வெக்கச் சொல்லுங்க, தமிழ்ல வெச்சா வாட்ஸ்அப்ல அனுப்புறப்ப சதவீதக் குறியும் நம்பருமா ஒரு முழம் நீளத்துக்கு நிக்கும், பாக்குறவங்க ஏதோ மோசடி லிங்க்னு நினைச்சு தொடவே மாட்டாங்க. எஸ்எம்எஸ் தமிழ்ல அனுப்பணும்னா ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துதான், அதுலயும் புள்ளி, கொம்பெல்லாம் தனித்தனியா எண்ணுவாங்க, இங்கிலீஷ்னா 160, அதுக்கு மேல போனா ரெண்டு மெசேஜ் காசு, போதாக்குறைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டிஎல்டிங்கிற டெலிகாம் பதிவேட்டுல பதிவும் பண்ணணும். ஆரம்பத்துல வாட்ஸ்அப்பும் ஈமெயிலும் போதும்.

டெவலப்பர் தேடுறது. தெரிஞ்சவங்க மூலமா வர்றவங்களே பெரும்பாலும் நல்லது, ஆனா மச்சானோட ஃப்ரெண்டுங்கிறதுக்காக எழுதிக் குடுக்காம வேலையை ஆரம்பிக்காதீங்க, உறவும் போகும் கடையும் போகும். அவரு செஞ்ச கடைன்னு மூணு நாலு லிங்க் வாங்கி, போன்ல திறந்து, ஒரு சின்னப் பொருளை நிஜமாவே காசு குடுத்து ஆர்டர் பண்ணிப் பாருங்க. அந்தக் கடை ஓனருக்கு போன் போட்டு ரெண்டே கேள்வி கேளுங்க, பிரச்சனைன்னா எவ்ளோ நேரத்துல போன் எடுக்கிறாரு, கடையோட பாஸ்வேர்டு எல்லாம் உங்க கிட்ட இருக்கா. போர்ட்ஃபோலியோ எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் இந்த ரெண்டுக்கும் வர்ற பதில்தான் எனக்குக் கணக்கு.

மூணு பேர் கிட்டயாவது கொட்டேஷன் வாங்குங்க, ஆனா ஆளுக்கு ஒன்னு வாயால சொல்லாம உங்க பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் அதையே குடுங்க, அப்பதான் ஒப்பிட முடியும். ஒருத்தரு பதினஞ்சாயிரம்பாரு, இன்னொருத்தரு ஒரு லட்சம்பாரு. பதினஞ்சாயிரத்துக்காரர் கிட்ட தீம், பிளக்இன் எல்லாம் யாரு பேர்ல லைசென்ஸ்னு கேளுங்க, நல்டுன்னு சொல்ற திருட்டுப் பிரதியைப் போட்டுத் தர்றவங்க நிறைய பேரு, அதுக்குள்ள வைரஸ் ஒளிஞ்சிருக்கிறது ரொம்ப சகஜம். ஒரு லட்சத்துக்காரர் கிட்ட பொருளை ஏத்துறது, போட்டோ சரி பண்றது, பயிற்சி குடுக்கிறது, சப்போர்ட் எல்லாம் அதுக்குள்ளயான்னு கேளுங்க. எண்பது பொருளை போட்டோ, வெயிட், விலை, அளவோட ஏத்துறதுதான் உண்மையிலேயே நேரம் தின்ற வேலை, அதை யாரு செய்யறதுன்னு பேசாததாலதான் பாதிக் கடை திறக்காமலே கிடக்குது.

பணத்தைப் பிரிச்சுக் குடுங்க. ஆரம்பிக்கக் கொஞ்சம், டெமோ கடைல முழு ஆர்டர் ஒன்னு ஓடினதும் கொஞ்சம், கடை திறந்து எல்லா லாகினும் உங்க கைக்கு வந்ததும் மீதி.

சாவி எல்லாம் உங்க கிட்டயே இருக்கணும், இதுல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாது. டொமைனை உங்க ஈமெயில், உங்க போன் நம்பர், உங்க கார்டுல நீங்களே வாங்குங்க, பத்து நிமிஷ வேலைதான், அவரு வாங்கித் தர்றேன்னு சொன்னாலும் வேணாம். டொமைன் இன்னொருத்தர் பேர்ல இருந்தா நாளைக்கு மனஸ்தாபம் வந்து அவரு ட்ரான்ஸ்ஃபர் கோடு தரலன்னா பேக்கெட்ல அச்சடிச்ச வெப்சைட் பேரோட எல்லாம் வீணாப் போயிடும். ஹோஸ்டிங்கும் அப்படித்தான். பேமெண்ட் கேட்வே கண்டிப்பா உங்க பான், உங்க பேங்க் அக்கவுண்டு. ஷாப்பிஃபைன்னா ஸ்டோர் ஓனர் நீங்க, டெவலப்பர் கொலாபரேட்டரா (வேலை செய்ய மட்டும் அனுமதி உள்ள ஆளா) உள்ள வரட்டும். அவரு பார்ட்னர் அக்கவுண்டுல கடை கட்டிட்டு அப்புறம் ஓனர்ஷிப்பை மாத்திக் குடுக்கிறதும் உண்டு, தப்பில்ல, ஆனா மாத்தினதைப் பாத்துட்டு கடைசிப் பணத்தைக் குடுங்க. கூகுள் அனலிட்டிக்ஸ், மெட்டா பிசினஸ் அக்கவுண்டு இதுவும் சேத்தி.

உங்களுக்குன்னு தனியா கோடோ டிசைனோ எழுத வெச்சா எழுத்துல வாங்க வேண்டியது இன்னொன்னு இருக்கு. நம்ம 1957 காப்பிரைட் சட்டப்படி சம்பள ஆள் இல்லாத ஃப்ரீலான்சர் எழுதின கோடு, நீங்க காசு குடுத்திருந்தாலும், எழுதிக் குடுக்காத வரைக்கும் அவருக்குத்தான் சொந்தம். எழுதி வாங்குறப்ப காலத்தையும் இடத்தையும் போடணும், போடாம விட்டா அஞ்சு வருஷத்துக்கு, இந்தியாவுக்குள்ள மட்டும்னுதான் சட்டம் எடுத்துக்கும். ரெண்டு வரி சமாச்சாரம், அக்ரிமெண்ட்லயே சேத்துடுங்க.

ஜிஎஸ்டி பத்தி ஆடிட்டர் கிட்ட ஒரு வார்த்தை. டர்ன்ஓவர் கம்மிதானேன்னு இருந்துடுவாங்க, ஆனா வெளிமாநிலத்துக்கு சரக்கு வித்தா டர்ன்ஓவர் எவ்ளோ கம்மியா இருந்தாலும் பொதுவா பதிவு வேணும், கைத்தறி கைவினைப் பொருளுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை இருக்கு. காம்போசிஷன்ங்கிற, சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்துல இருந்தா வெளிமாநிலத்துக்கு விக்கவே முடியாது. பெங்களூர்ல இருந்து ஆர்டர் வரும், வராமலா இருக்கும், அதனால பதிவு வர்ற வரைக்கும் தமிழ்நாட்டு பின்கோடுக்கு மட்டும் டெலிவரின்னு கடைல பூட்டி வெக்கச் சொல்லுங்க. சாப்பாட்டுப் பொருள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் வெப்சைட் பக்கத்துல தெரியணும். 2020 ஈகாமர்ஸ் விதிப்படி புகார் அதிகாரி பேரும் தொடர்பும் போடணும், புகாரை 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சதுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீக்கணும், வீட்ல இருந்து விக்கிற கடைன்னா அந்த அதிகாரி நீங்களேதான். ரீஃபண்ட், ஷிப்பிங், பிரைவசி, டெர்ம்ஸ், தொடர்பு இந்தப் பக்கமெல்லாம் இல்லாம கேட்வேகாரன் அக்கவுண்டைத் திறக்கவே மாட்டான். அதை வேற கடைல இருந்து காப்பி அடிச்சு வேற கடைப் பேரோடயே விட்டு வெக்கிற கூத்தெல்லாம் நடக்குது, ஒரு தடவை முழுசாப் படிச்சுடுங்க.

திறக்கிறதுக்கு முன்னாடி நீங்களே உக்காந்து சோதிங்க, டெவலப்பர் சோதிச்சுட்டேன்னு சொல்றதை நம்பி விட்டுடாதீங்க. யூபிஐல பணம் கட்டிட்டு, கடைப் பக்கத்துக்குத் திரும்பி வர்றதுக்குள்ள பிரவுசரை மூடிடுங்க. காசு போயிருக்கும், ஆர்டர் 'பணம் வந்தது'ன்னு மாறியிருக்கான்னு பாருங்க. மாறலன்னா வெப்ஹூக் (காசு வந்துடுச்சுன்னு கேட்வே கடைக்குத் தானா சொல்ற ஏற்பாடு) சரியாப் போடலன்னு அர்த்தம், நாளைக்கு தினம் ரெண்டு பேராவது "காசு எடுத்துட்டீங்க ஆர்டர் வரல"ன்னு சண்டைக்கு வருவாங்க. பழைய ஆண்ட்ராய்டு போன்ல, வைஃபை இல்லாம, மொபைல் டேட்டாவுல திறந்து பாருங்க. 5 லிட்டரும் ஒரு பொடிப் பாக்கெட்டும் சேத்துப் போட்டு டெலிவரி சார்ஜ் உங்க பேப்பர் கணக்கோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒரு ஆர்டரை கேன்சல் பண்ணி ரீஃபண்ட் போகுதா, ஸ்டாக் திரும்ப ஏறுதான்னும் பாத்துடுங்க.

அப்புறம் பராமரிப்பு. வூகாமர்ஸ்னா மாசம் ஒரு தொகை பேசி, அப்டேட்டும் பேக்கப்பும் அதுக்குள்ளன்னு எழுதிக்கோங்க, பேக்கப் ஹோஸ்டிங்லயே இருந்தா பத்தாது, உங்க கூகுள் டிரைவ்லயும் ஒரு காப்பி விழணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த பேக்கப்பை வேற இடத்துல ஏத்தி கடை எந்திரிக்குதான்னு காட்டச் சொல்லுங்க. டொமைன் ஆட்டோ ரெனியூவலை நம்பி உக்காராதீங்க, நம்ம ஊர் கார்டுல வெளிநாட்டுக் கம்பெனிக்கு தானாப் போற பணம் பல நேரம் நின்னுடும், முடியுற தேதியை போன் காலண்டர்ல ஒரு மாசம் முன்னாடியே அடிக்கிற மாதிரி போட்டு வெச்சுக்கோங்க.